வழி இல்லை என்பதற்குச் சான்று

முதல் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. கல்வராயன் மலைமேல் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் யாருக்குத் தபால் வந்தாலும் தலைமையாசிரியரின் மேசைக்குத்தான் முதலில் போகும். எனக்கு ஆங்கிலம் சிரமம் என்று அவருக்குத் தெரியும். உதவி செய்வதாக நினைத்துத்தான் பிரித்துப் படித்தார். மற்ற இரண்டு வாத்தியார்களும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மெட்டர்னிட்டி செலவுக்குப் பாலிசியில எடம் இல்லியாம்மா. பிரசவச் செலவு தரமுடியாதுன்னு எழுதியிருக்காங்க."

ஒரு வாத்தியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பிரசவம் ஆகவில்லை என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். கடிதத்தை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஏதோ கேட்டார்கள். என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி நாலு வருடம். என் கணவருக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில், கரும்பு எடை போடும் இடத்தில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். நான் மலைமேல் தங்கியிருந்தேன். எங்கள் வீடு இரண்டுக்கும் நடுவே, மலை அடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருந்தது. அங்கே மாமியாரும், நிலத்தைப் பார்த்துக்கொண்டு என் கொழுந்தனும் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து சேருவோம். திங்கட்கிழமை விடிகாலையில் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவோம். நாலு வருடக் குடித்தனம் என்றாலும் கூட இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருடம்கூட வராது.

அந்தப் பாலிசி எடுத்தது என் கணவர்தான். மருத்துவச் செலவுக்கு இன்சூரன்ஸ் என்பது அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஏஜென்ட் ஒருவர் சொல்லி எடுத்தார். "சாவுக்குத்தான் இன்சூரன்ஸ் பாத்துருப்பீங்க சார், இது பொழைக்கறதுக்கு" என்று ஏஜென்ட் சொன்னாராம். அது என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

ஆறு மாதம் கழித்து அந்த மறியல் வந்தது.

எங்கள் சனத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு வாரம் சாலைகளை மறித்தார்கள். மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். எனக்கு அந்தக் கோரிக்கையில் சந்தேகம் இருந்ததில்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் சேர்த்து சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். என் கொழுந்தன் பி.ஏ. முடித்துவிட்டு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து வைத்து, கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அந்த வாரம் எங்கள் பக்கத்தில் நடந்தது எல்லாமே நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். அதெல்லாம் மலைமேல் எங்களுக்குச் செய்தியாகக்கூட வரவில்லை. பஸ் வரவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

பஸ் நின்ற மூன்றாம் நாள் காலை, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் வலப்பக்கம் சுரீரென்றது. யாரோ உள்ளே கை விட்டுக் கிழித்த மாதிரி. சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்தேன். அப்புறம் தரையில் கிடந்தேன். எனக்கு நாள் தள்ளி நாற்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவரிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

போன் கிடையாது, வண்டி கிடையாது. என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அப்பாவும் அவர் தம்பியும் வந்தார்கள். கம்பளியை மூங்கிலில் கட்டி என்னை அதில் போட்டுத் தூக்கினார்கள். பஸ் சாலை சுற்று என்பதால் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். மூங்கில் அசையும்போதெல்லாம் நான் கத்தினேன். முன்னால் போனவர் ஒவ்வொரு தடவையும் "வந்துட்டோம் டீச்சரம்மா, வந்துட்டோம்" என்றார். அவர் அதைச் சொல்ல ஆரம்பித்தபோது பாதி மலைகூட இறங்கியிருக்கவில்லை. அடிவாரத்தில் ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து என்னை ஏற்றிவிட்டார்கள். கூடவே நடந்து இறங்கிய தலைமையாசிரியரின் மனைவி என்னோடு வண்டியில் ஏறிக்கொண்டார். தூக்கிவந்த இருவரும் மலைக்குத் திரும்பிப் போனார்கள்.

வண்டி இரண்டு மைல்கூடப் போகவில்லை. சாலைக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. அதற்கப்பால் இன்னொன்று. பத்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வண்டி போவாது, திருப்பு" என்று யாரோ சத்தம் போட்டார்கள். தலைமையாசிரியரின் மனைவி அழுதுகொண்டே ஏதோ சொன்னார். அப்போது ஒரு குரல் மட்டும் கிட்டே வந்தது.

"ஐயோ, எங்க அண்ணிடா!"

என் கொழுந்தன். கையில் கோடாலி இருந்தது. அதைப் போட்டுவிட்டு வண்டிமேல் ஏறினான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

"கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போயிடலாம்" என்றார் வண்டிக்காரர்.

"எங்க போறது? கள்ளக்குறிச்சி வரிக்கும் வழி நெடுக மரம் கெடக்குது. நாங்கதான வெட்டனோம், எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டில் வந்தது. அவனும் இன்னும் மூன்று பேரும் என்னைக் கட்டிலோடு தூக்கினார்கள். மரத்தின் மேல் ஏறி, கிளைகளுக்கு நடுவே கால் வைத்து, மறுபக்கம் இறங்கினார்கள். அடுத்த மரத்தையும் அப்படியே தாண்டினார்கள். புளியங்கிளை என் முகத்தில் உரசியது. மூன்று அடைப்புகளைத் தாண்டியதும் ஒரு சின்ன ஊர். அங்கே டாக்டர்களான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் தங்கள் வீட்டின் முன்பாகத்தில் ஆறு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அதற்குமேல் கொண்டுபோக முடியாது என்று நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது. நாடி இல்லை என்று டாக்டரம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருக்கிறது. குழாய் வெடித்து வயிறு முழுக்க ரத்தம். வெளியே இருந்து ரத்தம் கொண்டுவர வழியில்லை. வயிற்றில் தேங்கிய என் ரத்தத்தையே துணியில் வடிகட்டி எனக்கே ஏற்றினார்களாம். டாக்டரம்மா பிறகு சொன்னார். "அரை மணி நேரம் தாமதிச்சிருந்தா உங்கள நான் பாத்துருக்கவே வேண்டியிருந்திருக்காது."

மூன்றாம் நாள் என் கணவர் வந்தார். மூங்கில்துறைப்பட்டிலிருந்து சைக்கிளில், சாலையை விட்டு வரப்பிலும் ஏரிக்கரையிலும் வந்திருக்கிறார். பாதி தூரம் சைக்கிளை இவர்தான் சுமந்திருக்கிறார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கெழம சொல்லலாம்னு இருந்தேன்" என்றேன்.

"சரி" என்றார்.

பதினோரு நாள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தேன். செலவை ஈடுகட்ட என் கணவர் ஆலையில் கடன் எழுதினார். அவர் மனத்தில் பாலிசி இருந்தது. எல்லாக் காகிதத்தையும் வரிசையாக அடுக்கி, குண்டூசி குத்தி, ஏஜென்டிடம் கொடுத்தார். அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்த மெட்டர்னிட்டி கடிதம்.

ஏஜென்ட் கைவிட்டுவிடவில்லை. "அப்பீல் பண்ணுங்கம்மா. இது பிரசவம் இல்லன்னு டாக்டரம்மா கிட்ட எழுதி வாங்குங்க" என்றார். டாக்டரம்மா ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். அதோடு நானும் ஒரு மனு எழுதவேண்டும். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்று யாரோ முன்பின் தெரியாத ஆண்களுக்கு மூன்று நகல் எழுதவேண்டும். முதல் நகலில் "கரு" என்று எழுதினேன். அதைப் பார்த்தால் மறுபடி பிரசவம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, "கட்டி" என்று மாற்றினேன். அப்புறம் அது பொய்யாக இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி "கரு" என்றே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாம் கடிதம் வந்தது. இந்த முறை நானே பிரித்து, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். மெட்டர்னிட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிகிச்சை பெற்ற இடம் விதிப்படி ஆஸ்பத்திரி ஆகாது, தேவையான கட்டில்கள் அங்கே இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

லீவு போட்டுவிட்டு நானும் கணவரும் பாண்டிச்சேரியில் இருந்த அவர்களுடைய ஆபீசுக்குப் போனோம். கிளார்க் ஒருவர் எங்கள் ஃபைலைத் தேடி எடுத்தார். மேலட்டையில் என்ன எழுதியிருந்ததோ, சிரித்த முகத்தோடு கேட்டார்.

"கொழந்த நல்லாருக்காம்மா?"

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் "இல்லைங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்பதற்குள் அதிகாரி கூப்பிட்டுவிட்டார்.

அதிகாரி மோசமானவர் இல்லை. உட்காரச் சொன்னார், ஃபைலை முழுக்கப் படித்தார். "ஏன் நேரா கள்ளக்குறிச்சி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகலை?" என்று கேட்டார்.

"ரோட்டுல மரம் வெட்டிப் போட்டிருந்தாங்க சார். ஒரு வாரம் வண்டி ஓடல. பேப்பர்லகூட வந்துது."

"எனக்குத் தெரியும்மா. நானே அந்த வாரம் ஊருக்குப் போக முடியாம மாட்டிக்கிட்டேன். ஆனா எனக்குத் தெரிஞ்சது ஃபைல்ல இருக்கணும் இல்லையா? அந்த ரோட்டுல, அந்தத் தேதியில, கள்ளக்குறிச்சி வரைக்கும் போக வழி இல்லைன்னு ஒரு சான்று கொண்டுவாங்க. போலீஸ் குடுக்கலாம், தாசில்தார் குடுக்கலாம். இல்லை, நேரில் பார்த்தவங்க பேர் விலாசத்தோட எழுதிக் குடுக்கலாம். நான் மேல சிபாரிசு பண்றேன்."

வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஊரே பார்த்த விஷயம். ஒரு காகிதம் வாங்குவதில் என்ன கஷ்டம்?

தாலுக்கா ஆபீசுக்கு மூன்று முறை போனபின், சட்டம் ஒழுங்கு சம்பந்தப்பட்டது, ஸ்டேஷனில்தான் கேட்கவேண்டும் என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போனோம். நான் டீச்சர் என்றதும் சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டிலில் தூக்கினார்கள் என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் பேனாவை எடுத்தார்.

"யார் தூக்குனாங்க?"

"ஊர்க்காரங்க சார்."

"மரம் கெடந்த எடத்துல இருந்தவங்கதானே? எத்தினி பேரு? பேரச் சொல்லுங்க டீச்சர். சாட்சி இல்லாம நான் எப்படி சான்று குடுக்கறது? அந்த ரோட்டுல மரம் வெட்டுன கேசு இன்னும் அடையாளம் தெரியாத நபர்கள்னுதான் கெடக்குது."

அவர் குரலை உயர்த்தவில்லை. மிரட்டவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தி வைத்தார். என் கணவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியரின் மனைவியையோ வண்டிக்காரரையோ காட்டினால் அவர்களிடமும் இதே பெயர்களைத்தான் கேட்பார்கள். மற்றபடி அந்தச் சாலையில் மரம் கிடந்ததைப் பார்த்த சாட்சிகள் எனக்கு இருந்தார்கள். எல்லோருமே அதை வெட்டியவர்கள்.

"மயக்கமா இருந்தேன் சார். யாரையும் தெரியல" என்றேன்.

"தெரியும்போது வாங்க" என்றார்.

திங்கட்கிழமை மலைக்குப் போனதும் எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அந்த அப்பாவை வரச்சொன்னேன். அவர்மேல் யாரும் கேஸ் போடமுடியாது. மலைக்காரர், அந்தப் போராட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார்.

"அடிவாரத்துலேருந்து ரோடு பூரா மரம் வெட்டிக் கெடந்துது, பாத்தேன்னு ஒரு ரேகை வெச்சிக் குடுங்க" என்றேன்.

"நாங்க வண்டி ஏத்திட்டு மேல வந்துட்டமே டீச்சரம்மா. மரம் எதுவும் பாக்கலியே."

"தெரியும். ஆனா மரம் கெடந்தது நெசந்தான்."

"நீங்க சொன்னா நெசமாத்தான் இருக்கும். பாக்காதத பாத்தேன்னு நான் எப்பிடிச் சொல்றது?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, "சரி, நீங்க எழுதுங்க. நான் வெக்கிறேன்" என்று கட்டைவிரலை நீட்டினார்.

மேசையில் மைப்பெட்டி இருந்தது. தாளும் இருந்தது. என்னால் எழுத முடியவில்லை. அவர் நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தார். "வேணாங்க, வேற வழி பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தேன். அந்த ஆளின் தோளில் நாலு மணி நேரம் தொங்கி உயிர் பிழைத்துவிட்டு, அவரைப் பொய் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பாண்டிச்சேரியில் அந்த கிளார்க் கேட்ட கேள்வியைவிட இதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். மறியல் முடிந்ததிலிருந்து அவன் வீட்டில் சரியாகத் தங்குவதில்லை. கரும்புக்கொல்லையில் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொள்வான். கூடவே, கட்டில் தூக்கிய மற்ற மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஸ்டேஷனில் நடந்தது எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருந்தது.

"அண்ணி, எங்க நாலு பேரு பேரையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றான்.

"இன்னாடா பேசற? உள்ள தூக்கி வெச்சிருவாங்க."

"வெக்கட்டுமே. எனக்கு இன்னா கலெக்டர் வேலயா காத்துக்கினு கீது?"

அவன் சிரித்தபடி சொன்னான். ஆனால் போன வாரம்தான் பஸ் கண்டக்டர் வேலைக்கு மே மாதம் இன்டர்வியூ என்று அவனுக்குக் கார்டு வந்திருந்தது. அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்ற மூவரில் ஒருவனின் மனைவி தெருவில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. நான் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

என் கணவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக இந்த விஷயத்தில் ஒரு முடிவைச் சொன்னார். "யாரும் எதுவும் எழுத வாணாம். போயி சாப்புடுங்கடா."

"நம்மளாலதான் அண்ணா இது..." என்று கொழுந்தன் ஆரம்பித்தான். முடிக்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். நாலு மாதமாக அதை மனத்தில் வைத்திருந்திருக்கிறான். அந்த மரம் இல்லாவிட்டால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம், குழாயையாவது காப்பாற்றியிருப்பார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையில்லை, எங்கே போயிருந்தாலும் அந்தக் குழாயை எடுத்துத்தான் இருப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. பஸ் வந்திருந்தால் நான் காலையிலேயே ஆஸ்பத்திரியில் இருந்திருப்பேன் என்பதும் உண்மைதான். அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

சாட்சி இல்லாமலே அப்பீல் எழுதினேன். பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டி ஒட்டினேன். "சிலர் கட்டிலில் தூக்கிச் சென்றனர்" என்று எழுதினேன். அந்தச் சிலர் யார் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. தெரியாது என்று எழுதினேன். கடைசியாக மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது. தக்க ஆதாரம் இல்லாததால் மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது, கோப்பு முடிக்கப்பட்டது என்று. அதைப் படிக்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அந்த ஆறேழு மாதத்தில் அவர்களுடைய ஆங்கிலம் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். கோடை விடுமுறை தொடங்கிய வாரம், கொழுந்தனைக் கொல்லையிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனோடு எங்கள் ஊரில் இன்னும் ஆறு பேர். என் கணவர் ஒரு வக்கீலைப் பிடித்து ஜாமீனுக்கு எழுதச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, அவன் பெயர் வெகுநாளாகவே ஸ்டேஷனில் இருந்திருக்கிறது. மறியல் முடிந்த சில நாளிலேயே யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் என் முன்னால் வெள்ளைத் தாளை நகர்த்தியபோது, அவருக்குத் தெரிந்த பெயரைத்தான் என் வாயால் கேட்டிருக்கிறார்.

பதினேழு நாள் கழித்து ஜாமீனில் வந்தான். தலை மொட்டையாக இருந்தது. கண்டக்டர் இன்டர்வியூ அவன் உள்ளே இருந்தபோதே முடிந்துபோயிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தான். வக்கீல் வாங்கிக் கொடுத்த முதல் தகவல் அறிக்கையின் நகல்.

"படிங்க அண்ணி" என்றான்.

அதில் எல்லாம் இருந்தது. தேதி இருந்தது. எந்தச் சாலை என்று இருந்தது. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை எத்தனை புளியமரங்கள் வெட்டிக் குறுக்கே போடப்பட்டன, எவ்வித வாகனமும் கள்ளக்குறிச்சிக்குச் செல்ல முடியாதபடி எத்தனை நாள் போக்குவரத்து நின்றது என்று போலீஸே எழுதி முத்திரை குத்தியிருந்தது. நான் தாலுக்கா ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்து கேட்ட சான்று அதுதான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் இரண்டாம் எதிரியாக என் கொழுந்தன் பெயரோடு வந்திருந்தது.

"இது போதும் இல்ல? இனிமே மறைக்கறதுக்கு இன்னா கீது? வாங்க, நானே கூட வரேன்" என்றான்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அவனும் பாண்டிச்சேரிக்குப் போனோம். மொட்டைத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தான். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் இளவயதுக்காரர். ஃபைலைக் கொண்டுவரச் சொல்லி, அறிக்கையை நிதானமாகப் படித்தார்.

"இந்த ரெண்டாவது எதிரி யாரு?"

"நான்தான் சார்" என்றான் கொழுந்தன். "நான்தான் மரத்த வெட்டனேன். நான்தான் எங்க அண்ணியத் தூக்கினேன். எங்க வேணா எழுதிக் குடுக்கறேன்."

அந்த அதிகாரி அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதை அப்பீல்லயே வெச்சிருந்தா கண்டிப்பா கெடைச்சிருக்கும்மா" என்றார். "இப்ப ஃபைல் மேலிடத்துல முடிச்சாச்சு. திரும்பத் தொறக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை. கெடுவும் தாண்டிப்போச்சு. வேணும்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க, அனுப்பி வெக்கறேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இந்த முறை எதையும் விடவில்லை. என் கொழுந்தன் பெயர், அவன் கையில் இருந்த கோடாலி, கட்டிலைத் தூக்கிக் கிளைகளுக்கு நடுவே அவர்கள் கால் வைத்த விதம், டாக்டரம்மா நாடி இல்லை என்றது, எல்லாவற்றையும் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. கிளார்க் அதில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். அதற்குப் பதிலே வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவன் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பஸ் விழுப்புரத்தைத் தாண்டியது. பிறகு, "அன்னிக்கே நான் பேரக் குடுத்திருக்கணும்" என்றான். நாங்கள் வேண்டாம் என்று தடுத்ததால்தானே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பின்னால் ஆட்சி மாறி, ஒதுக்கீடும் வந்தது, அந்த வழக்குகளையும் எடுத்துவிட்டார்கள். கொழுந்தனுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. கரும்போடே இருந்துவிட்டான். எங்களுக்கு அதன்பிறகு பிள்ளை இல்லை.

நாங்கள் பாண்டிச்சேரி போய்வந்த அந்த வருடக் கடைசியில், காலாவதியாகியிருந்த பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். அவருக்கே கூச்சமாக இருந்திருக்கவேண்டும், வாசலிலேயே நின்றார். நான் உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் என் கணவர் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தபோது படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க? அவ்ளோ அலைஞ்சும் புத்தி வரலியா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "இன்னொரு தடவ எதுனா ஆச்சின்னா இன்னா பண்றது?" என்றார்.

ஏஜென்டுக்குக் காப்பி போட உள்ளே போனேன்.